சின்னத்தாய்க்குப் போட்ட குறி

அத்தியாயம் பதினேழு

இப்போதெல்லாம் ஒரு வீட்டு வாசலில் போய் நின்றால் கதவு திறப்பதில்லை. முதலில் ஜன்னல் துணி அசைகிறது. அப்புறம் நாய் குரைக்கிறது. அதற்கும் அப்புறம், கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே ஓர் ஆள் வந்து, பூட்டிய கேட்டுக்கு உள்ளேயே நின்று, "என்னா அங்கிள்?" என்கிறான். உள்ளே வா என்று ஒரு சொல் கிடையாது. ஒரு வாய் தண்ணீர் கிடையாது. தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் இருந்தவரை இந்த ஜனங்களுக்குக் கேட்டே கிடையாது. தாமான் குடியிருப்பில் வீடு வந்ததும் பூட்டு வந்தது. பூட்டோடு திமிரும் வந்துவிட்டது.

அதுகூடப் போகட்டும். இந்தத் தேர்தலில் எல்லோரும் நீதிபதி ஆகிவிட்டார்கள். முன்பு ஒரு வீட்டுக்கு ஒரு வாய்தான். அப்பன் சொன்னால் ஐந்து ஓட்டும் சேர்ந்து விழும். இப்போது ஐந்து பேர் இருந்தால் ஐந்து கைப்பேசி, ஐந்து நியாயம். யாரைத் தூக்கில் போட வேண்டும், யாரை விட வேண்டும் என்று, சொந்த மோட்டார் சைக்கிளுக்கு ரோட் டெக்ஸ் கட்டாதவன்கூடத் தீர்ப்புச் சொல்கிறான்.

போன வாரம் படிக்காதவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். என் தங்கை சின்னத்தாயின் மகன் கணேஸ்வரன், செகிஞ்சானிலிருந்து மீன் லோரி ஓட்டியவன். மீன் பெட்டிகளுக்கு அடியில் மூன்று கிலோ போதைப்பொருள் பொட்டலம் இருந்தது. எனக்குத் தெரியாது என்றான். கோர்ட்டு நம்பவில்லை. நானும் முழுசாக நம்பவில்லை. அதைத் தங்கை முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். அப்பீல் எல்லாம் முடிந்து, ஒன்பது வருஷமாகத் தூக்குக்குக் காத்துக் கிடக்கிறான்.

இனி அவனுக்கு மிச்சம் மன்னிப்பு மனு ஒன்றுதான். திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் அது வக்கீல் கையில் இருக்க வேண்டும். தொகுதியின் வைபி, அதாவது சட்டமன்ற உறுப்பினர் புவனேந்திரன் ஆதரவுக் கடிதத்தில் ஒரு கையெழுத்துப் போட்டால் மனுவுக்கு எடை கூடும் என்று வக்கீல் சொன்னார். "கிளைய ஒரு வார்த்த கேட்டுக்கிட்டுப் போடுறேன் ஐயா" என்று புவனேந்திரனும் சொன்னார். கிளை என்றால் நான்தான். சன்னாசி. இருபத்தெட்டு வருஷமாகக் கிளைத் தலைவன்.

இன்று சனிக்கிழமை.

கோளாறு எங்கே என்றால், தூக்குத் தண்டனையை அடியோடு எடுக்கிற மசோதாவுக்கு நம் கட்சி ஆதரவு என்று கோலாலம்பூரில் அறிவித்துவிட்டார்கள். அறிவித்தவர்கள் ஏர்கான் அறையில் இருக்கிறார்கள். அந்த அறிவிப்பைச் சுமந்துகொண்டு ஒவ்வொரு கேட்டாகப் போய் ஏச்சு வாங்குகிறவன் நான்.

காலை எட்டு மணிக்கு நானும் மகன் உமாபதியும் வாக்காளர் பட்டியலோடு கிளம்பினோம். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு குறி. நமக்குப் போடுகிறவர் வெள்ளை. போடாதவர் கறுப்பு. பிடி கொடுக்காமல் மழுப்புகிறவர் சாம்பல். நான் வாயால் சொல்ல, உமாபதி கைப்பேசியில் தட்டுவான். தட்டியதும் அது ஈஜோக்கில் இருக்கும் கட்சியின் தேர்தல் நடவடிக்கை அறையில் போய் விழும். என் பட்டியலுக்கு ஒரு மரியாதை உண்டு. பெட்டி திறந்து எண்ணும்போது சன்னாசியின் குறி ஐந்து ஓட்டுக்கு மேல் பிசகாது என்பார்கள். கட்சியில் எனக்கென்று இருப்பது அது ஒன்றுதான்.

முதல் வீடே எர்னஸ்ட் வீடு. நான் தோட்டத்தில் ஆள் மேய்க்கும் மண்டோராக இருந்தபோது அவர் கணக்கெழுதும் கிராணி. இருபது வருஷம் என் கிளைக்குச் செயலாளர். கேட்டில் கட்டியிருந்த கட்சிக் கொடி இப்போது அவருடைய மோட்டார் சீட்டில் கிடந்தது. சங்கிலி எண்ணெய் துடைத்த கறை அதில் தெரிந்தது.

"வாங்க மண்டோரே. கொலகாரனுக்கு ஓட்டுக் கேக்க வந்தீங்களா?"

"வைபிக்குக் கேக்க வந்தேன்."

"ரெண்டும் ஒண்ணுதான் லா."

அவர் மகள் அமண்டா கோலா சிலாங்கூரில் ஒரு பல் கிளினிக்கில் வேலை பார்த்தவள். இரண்டு வருஷத்துக்கு முன் பஸ் நிற்கும் இடத்தில், கைப்பைக்காக ஒருத்தன் குத்திவிட்டுப் போனான். இருபத்து மூன்று வயது. குத்தியவனுக்குத் தூக்குத் தீர்ப்பாகி, அப்பீல் நடக்கிறது.

"கணேசு மேல எனக்குக் கோவம் இல்ல மண்டோரே. எங்க வீட்டு விசேஷத்துல பந்தி பரிமாறுன புள்ள. ஆனா அவனுக்குத் தொறக்கிற கதவுல என் புள்ளயக் குத்துனவனும் வெளிய வருவான். ஒரே சட்டம். கணேசு தொங்குனாத்தான் அவனும் தொங்குவான்னா, தொங்கட்டும்."

உமாபதி தலையைக் குனிந்துகொண்டான். "மெதுவா பேசுங்க அங்கிள். அத்தை வீடு பின்னால ரோட்டுலதான்."

"கேக்கட்டும். நாங்க ரெண்டு வருஷமா செத்துக்கிட்டு இருக்கோம். அவங்க ஒரு நாள் காது குடுத்துக் கேக்கட்டும்."

உள்ளே அவர் மனைவி லில்லியன் துணி வாளியோடு நின்றுகொண்டிருந்தாள். எங்களைப் பார்த்தாள். அவ்வளவுதான்.

"ரெண்டு ஓட்டும் கறுப்பு" என்றேன். உமாபதி தட்டினான்.

ரெங்கசாமி வீட்டில் வேறு கூத்து. ரெங்கசாமிக்கு மசோதா ஆகாது, அதனால் நமக்குப் போட மாட்டார். ஷா ஆலாமில் வேலை பார்க்கும் மகன் அதற்கு நேர் எதிர்.

"கட்சி பயந்துக்கிட்டுப் பின்வாங்குனா நான் போட மாட்டேன் அங்கிள். கவர்மெண்டு ஆளக் கொல்லக்கூடாது."

"பின்வாங்கலன்னா?"

"போடுவேன். ஆனா பின்வாங்குவாங்க. எனக்குத் தெரியும்."

"அவன் பேச்ச விடுங்க மண்டோரே" என்றார் ரெங்கசாமி. "ஒருத்தன் இவன் கழுத்துல கத்திய வெக்கட்டும். அப்புறம் வந்து நியாயம் பேசுவான்."

"நீங்க மொதல்ல பிரஷர் மருந்தச் சாப்பிடுங்கப்பா."

அப்பன் கறுப்பு, மகன் சாம்பல். நான் மண்டோராக இருந்தபோது அப்பன் எதிரில் மகன் இப்படிப் பேசியிருந்தால் பல் இருந்திருக்காது.

பதினோரு மணிக்குச் சின்னத்தாய் வீட்டுக்கு வந்தோம். பூட்டியிருந்தது. அவள் ஒரு தனியார் கிளினிக்கில் தரை துடைக்கிறாள், சனிக்கிழமை அரை நாள் வேலை. கேட்க ஆள் இல்லை. கேட்கவும் வேண்டியதில்லை. உமாபதி வெள்ளை என்று தட்டப் போனான்.

"சாம்பல் போடு" என்றேன்.

"ப்பா, அத்தை வெள்ள லா. அத்தை போடலன்னா யாரு போடுவா?"

"சொன்னதச் செய்."

இதை வெளியில் சொன்னதில்லை, இங்கே சொல்கிறேன். வெள்ளையை ஒருத்தனும் திரும்பிப் பார்க்க மாட்டான். அது பையில் விழுந்துவிட்ட ஓட்டு. கறுப்பைப் பார்க்கிறதும் வீண் வேலை. சாம்பலுக்குத்தான் தலைவர் கை கூப்பிக்கொண்டு வருவார். அரிசி மூட்டை வரும், கூரைத் தகரம் வரும். ஆறு தேர்தலாக என் தங்கைக்கு நான் சாம்பல்தான் போட்டு வருகிறேன். புருஷன் செத்த வருஷம் அவள் வீட்டுக்குக் கூரை மாற்றிக் கொடுத்தார்களே, அது இந்தக் குறியால் வந்தது. அவளுக்குத் தெரியாது. கட்சிக்கும் தெரியாது.

இன்றைக்கும் அதே கணக்குதான். சாம்பல் என்று பார்த்தால் புவனேந்திரன் அந்த ஒரு ஓட்டைப் பிடிக்க ஓடி வந்து கடிதத்தில் கையெழுத்துப் போடுவார். நான் மூன்றாம் வகுப்பு படித்தவன். இந்தக் கணக்கு மட்டும் எனக்குத் தப்பியதே இல்லை.

மதியம் இரண்டு மணிக்கு நடவடிக்கை அறைக்குப் போனோம். கடை வீட்டு மாடி. நாலைந்து இளவட்டங்கள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். சட்டமன்றம் கலைந்தாலும் புவனேந்திரனை எல்லோரும் வைபி என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவர் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, சாப்பிடாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போன தடவ உங்க தாமான்ல கறுப்பு எத்தன ஐயா?"

"பதினொண்ணு."

"இப்ப தொண்ணூத்தாறு காட்டுது."

"தொண்ணூத்தாறுதான்."

"நான் ஜெயிச்சதே முந்நூத்திச் சொச்ச ஓட்டு வித்தியாசத்துல." கையைத் துடைத்துக்கொண்டார். "இன்னைக்கிச் சாயந்தரம் மண்டபத்துல பேசும்போது மாத்திப் பேசப் போறேன். மசோதா மேலிடத்து முடிவு, கொன்னவன் தொங்கணும்ங்கிறது என் மனசுன்னு."

"பேசுங்க. அது உங்க தொழிலு. என் தங்கச்சி கடுதாசி என்னாச்சு?"

அவர் விரலால் திரையைத் தள்ளிப் பார்த்தார். "சின்னத்தாய் அம்மா. சாம்பல் போட்டிருக்கு."

"ஆமா. அதனாலதான் சொல்றேன். நீங்க போயி ஒரு கையெழுத்து..."

"ஐயா, இருங்க. பழைய பட்டியல் எல்லாம் இதுல ஏத்தியாச்சு. ஆறு தேர்தலா சாம்பல். சொந்த அண்ணன் கிளைத் தலைவரு, அவருகிட்டயே ஓட்டுப் போடுறேன்னு ஒரு வார்த்த சொல்லாதவங்க. இந்தக் கையெழுத்து வெளிய தெரிஞ்சா தொண்ணூத்தாறு இன்னும் ஏறும். கட்சிக்குன்னு இருந்த அம்மான்னா நான் மேலிடத்துல சண்ட போட்டாவது செய்வேன். நம்மள நம்பாத ஒருத்தங்களுக்காக நான் எதுக்கு வெட்டுப்படணும்?"

"அவ வெள்ளதான் வைபி."

"அப்ப இது தப்பா?"

நான் திரையிலிருந்த குறியைப் பார்த்தேன்.

"இது தப்புன்னா வேற எது எதெல்லாம் தப்பு ஐயா? இந்தத் தொண்ணூத்தாறு நெசமா? இத வெச்சுத்தான் நான் இன்னைக்கி நாக்க மாத்தப் போறேன்."

கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி பக்கத்தில் இருந்தவன் காதில் ஏதோ சொன்னாள். அவன் சிரிப்பை அடக்கினான். உமாபதி என்னையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"தப்பு இல்ல" என்றேன். "சன்னாசி பட்டியல் பிசகாது."

"அப்ப சாம்பல்தானே?"

"சாம்பல்தான்."

படி இறங்கும்போது உமாபதி என் தோளைப் பிடித்து நிறுத்தினான். "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ப்பா."

"சொன்னா? இருபத்தெட்டு வருஷமா வேற என்னென்ன மாத்தி எழுதுனான்னு அந்தப் பொடிசுங்க என்னைய நிக்க வெச்சுக் கேக்கும்."

"அது கணேசு கழுத்துப்பா."

"அவன் கழுத்துக்கு நானா கயிறு மாட்டுனேன்? கைய எடு."

நாலு மணிக்கு மண்டபம் நிறைந்துவிட்டது. பிஸ்கட், வறுத்த மீகூன் சேமியா, தேத்தண்ணீர். சின்னத்தாய் வேலைச் சட்டையைக்கூட மாற்றாமல் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதில் மனுவும் கையெழுத்துப் போட வேண்டிய கடிதமும். என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புவனேந்திரன் நன்றாகப் பேசினார். அதைச் சொல்லத்தான் வேண்டும். அமண்டாவின் பெயரைச் சொல்லி இரண்டு நொடி நிறுத்தினார். "பெத்த வயிறு எரியும்போது சட்டம் இரக்கம் காட்டக்கூடாது. தொங்க வேண்டியவன் தொங்கணும்" என்றார்.

எர்னஸ்டும் அவர் பக்கம் உட்கார்ந்தவர்களும் எழுந்து நின்று கை தட்டினார்கள். பின்னால் இருந்த இளவட்டங்களும் எழுந்தார்கள், ரெங்கசாமி மகன் முன்னால் போக, மண்டபத்தை விட்டே போய்விட்டார்கள். ஒரே பேச்சுதான். ஒரு பக்கத்தை உள்ளே இழுத்து இன்னொரு பக்கத்தை வெளியே தள்ளிவிட்டது.

சின்னத்தாய் கை தட்டவில்லை, எழுந்தும் போகவில்லை. கூட்டம் கலைந்து ஆட்கள் படம் எடுக்கத் தொடங்கியதும் உறையோடு அவரிடம் போனாள்.

"நீங்க பேசுனதப் பத்தி நான் ஒண்ணும் கேக்கல வைபி. மேடைன்னா பேசித்தான் ஆகணும். இதுல மட்டும் ஒரு கையெழுத்து. யாருகிட்டயும் காட்ட மாட்டேன்."

அவர் அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அருகில் ஒருத்தன் படம் எடுத்தான். "அம்மா, நமக்கு ஓட்டுப் போடுறதா நீங்களே இன்னும் முடிவு பண்ணலியே."

அவள் சிரித்துவிட்டாள். "யாரு, நானா? எங்கம்மா செத்த அன்னைக்கிப் பொணத்த வீட்ல போட்டுட்டு வந்து ஓட்டுப் போட்டவ வைபி நான்."

"பட்டியல்ல அப்படி இல்லம்மா."

"யாரு எழுதுன பட்டியலு?"

"உங்க அண்ணன்தான்." குரல் கொஞ்சமும் உயரவில்லை. கையை விட்டுவிட்டு, காத்திருந்த அடுத்த குடும்பத்தோடு படம் எடுக்கப் போய்விட்டார்.

அவள் என்னிடம் வந்தாள். "என்னாண்ணே சொல்றாரு அவரு?"

மறைத்து என்ன ஆகப் போகிறது? சொன்னேன். வெள்ளையை யாரும் பார்ப்பதில்லை என்பதைச் சொன்னேன். அவள் தலைக்கு மேல் இருக்கும் கூரை எப்படி வந்தது என்பதைச் சொன்னேன். இந்தத் தடவை கணக்குத் திரும்பிவிட்டது என்றும் சொன்னேன்.

"ஆறு தேர்தலா என்னைய அப்படி எழுதி வெச்சிருக்கியா?" முதல் தடவையாக என்னை நீ என்றாள். "ஒரு தடவகூட என்கிட்டச் சொல்லல?"

"சொன்னா நீ ஊரெல்லாம் சொல்லுவே."

"சரி. மைக்கு அங்க இருக்கு. இன்னும் அமத்தல. போயிச் சொல்லு. என் தங்கச்சி எப்பவும் நம்ம ஆளு, நான்தான் பொய் எழுதுனேன்னு. ஒரே தடவ சொல்லு. நான் உன்கிட்ட வேற எதுவும் கேட்டதில்ல."

நான் மைக்கைப் பார்த்தேன். பத்தடிதான். தாமான் ஜனம் பாதிக்கு மேல் இன்னும் மீகூன் தின்றுகொண்டிருந்தது. எர்னஸ்ட் தேத்தண்ணீர்க் கோப்பையோடு எங்களையே கவனித்துக்கொண்டிருந்தார். கிராணிக்கு முன்னால், என் பட்டியல் பொய் என்று நான் மைக்கில் சொல்ல வேண்டுமாம்.

"தேர்தல் முடியட்டும்."

"திங்கக்கெழம தேர்தலுக்கு முன்னாடி வருது."

"நான் என்னா செய்யச் சொல்ற? உன் மவன் மீன் பெட்டிக்கு அடியில என்னா இருக்குன்னு குனிஞ்சு பாத்திருந்தா இன்னைக்கி இந்த மைக்கே தேவப்பட்டிருக்காது."

சொல்லக்கூடாததுதான். சொல்லிவிட்டேன்.

உமாபதி, "ப்பா!" என்று கத்தினான். மீகூன் தின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சின்னத்தாய் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, கடிதத்தை மடிக்காமல் உறைக்குள் தள்ளினாள். இரண்டு தடவை அது வெளியே வந்துவிட்டது.

அப்போதுதான் எர்னஸ்ட் மனைவி லில்லியன் எழுந்து வந்தாள். வந்தவள், சின்னத்தாயின் கையிலிருந்த உறையை வாங்கினாள். மூன்று பக்கத்தையும் நின்றபடியே படித்தாள்.

"லில்லி, வா போகலாம்" என்றார் எர்னஸ்ட்.

அவள் திரும்பவில்லை. "திங்கக்கிழமை எத்தன மணிக்கு?" என்று சின்னத்தாயைக் கேட்டாள்.

"பத்து மணிக்குள்ள."

லில்லியன் உறையைத் தன் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள். கார் நிற்கும் பக்கம் விறுவிறுவென்று நடந்தாள்.

சின்னத்தாய் பாதி எழுந்தாள். "லில்லியன்... அது ஒண்ணுதான் இருக்கு. கணேசு கையெழுத்துப் போட்டது. நான் நகல் எடுக்கல!"

லில்லியன் நிற்கவில்லை. எர்னஸ்ட் கோப்பையை மேசைமேல் வைத்துவிட்டு அவள் பின்னால் ஓடினார். ஐம்பத்தெட்டு வயதில் அந்த மனுஷன் ஓடி நான் பார்த்ததில்லை.

உமாபதியின் முகம் மலர்ந்துவிட்டது. "கையெழுத்துப் போட்டுக் கொண்டாருவாங்கப்பா. புள்ளயப் பறிகுடுத்த தாயி போட்டா வைபி கையெழுத்தெல்லாம் ஒண்ணுமே இல்ல. வக்கீலக் கேட்டுப் பாருங்க."

"கிழிச்சி வாய்க்கால்ல போடுவா."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அந்த வீடு கறுப்பு. காலையில நீதானே தட்டுனே."

"நீங்க கிராணியத்தான் கேட்டீங்க. அவங்கள நீங்க கேக்கவே இல்லப்பா."

தங்கை இரண்டு கையையும் மடியில் வெறுமையாக வைத்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. கால் பட்டுவிடும் என்று அவள் தன் காலை இழுத்துக்கொண்டாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

வெளியே எர்னஸ்டின் கார் கிளம்பாமல் நின்றது. கண்ணாடி ஏற்றியிருந்தது. உள்ளே இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள், சத்தம் வெளியே வரவில்லை. லில்லியன் கைப்பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள். கொடுக்க மாட்டேன் என்கிறாளா, கிழிக்கத்தான் பிடித்திருக்கிறாளா, யார் கண்டார்கள்? நின்று பார்க்க எனக்குப் பொறுமை இல்லை.

"ப்பா, இருங்க. என்னா நடக்குதுன்னு பாத்துட்டுப் போகலாம்" என்று உமாபதி பின்னாலிருந்து கூப்பிட்டான்.

இருபத்தெட்டு வருஷம் வாசல் வாசலாக நின்று மனுஷர்களைப் பார்த்தவன் நான். தன் பிள்ளையை மண்ணில் வைத்துவிட்டு வந்த ஒருத்தி, இன்னொருத்தியின் பிள்ளை பிழைக்கட்டும் என்று கையெழுத்துப் போடுவாளாம். இதை வேறு யாரிடமாவது போய்ச் சொல்லுங்கள். நான் செம்பனைத் தோட்டத்து ஓரமாகவே வீட்டைப் பார்த்து நடந்தேன்.